மெகந்திக் கோனும் பதினோரு எண்களும்

ஜமுனாமரத்தூருக்கு நாங்கள் குடி வந்தது என் கணவரின் காதுகளுக்காக. வாணியம்பாடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு முள்வேலி, அதைத் தாண்டினால் ஜல்லி மேடு, அதன்மேல் தண்டவாளம். வண்டி போகும்போது அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுப் பேசிக்கொள்ளும். கல்யாணமாகி வந்த புதிதில் தூக்கம் வராமல் கிடந்தேன். பிறகு வண்டி வராத நாளில்தான் தூக்கம் வரவில்லை.

அவர் ஜோலார்பேட்டை ரயில்வே யார்டில் குமாஸ்தா. எஞ்சின் ஓட்டுகிறவர் இல்லை, கொடி காட்டுகிறவரும் இல்லை. சரக்கு வண்டி வந்து நின்றதும் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஜல்லியில் நடந்து, ஒவ்வொரு வேகனின் மேலும் எழுதியிருக்கிற எண்ணைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். அதுதான் வேலை. எந்த வேகன் எந்த வண்டியில் எத்தனையாவதாகப் போகிறது என்பதற்கு அந்த நோட்டுதான் ஆதாரம். மழையோ வெயிலோ, அரை மைல் போக, அரை மைல் வர. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தாலும் உதடு மட்டும் கொஞ்ச நேரம் எண்களைச் சொல்லிக்கொண்டிருக்கும். நான் கேலி செய்வேன். சிரிப்பார்.

ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன. ஒரு காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, தடி ஊன்றி நடந்தார். வலது கை பாதிதான் வந்தது. பேச்சு வரவேயில்லை. "நீங்க பேசுறது அவருக்குப் புரியுதும்மா. சொல்ல வேண்டிய வார்த்தைதான் உள்ள எங்கியோ மாட்டிக்குது" என்று டாக்டர் சொன்னார். பேப்பரைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடிக்கமாட்டார், ஆனால் படிக்கவும் மாட்டார். கண் எழுத்தின்மேல் சறுக்கிக்கொண்டு போய்விடும்.

வீட்டுக்கு வந்தபின்தான் உண்மையான கஷ்டம் தெரிந்தது. ஒவ்வொரு சரக்கு வண்டிக்கும் எழுந்து பின்வாசலுக்குப் போவார். நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வேகன்கள் ஒவ்வொன்றாகக் கடக்கும்போது உதடு அசையும், சத்தம் வராது. கடைசிப் பெட்டி போனதும் முகமெல்லாம் வேர்த்திருக்கும். உள்ளே வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒரு நாளில் எத்தனை வண்டி! நான் எத்தனை தடவை அந்தக் கதவைச் சாத்திவைப்பது?

எங்கள் ஒரே மகள் அப்போது ஜவ்வாது மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். "அத்தாவை இங்க கூட்டிட்டு வந்துடும்மா. இங்க ரயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று போனில் சொன்னாள். நான் இரண்டு பெட்டியில் துணியும், ஒரு பையில் என் மெகந்தி சாமான்களும் எடுத்துக்கொண்டேன். ஆலங்காயம் தாண்டி பஸ் மலையேறும்போது அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் சமவெளி கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகி, ஒரு வளைவுக்குப் பிறகு காணாமல் போனது.

முதல் இரண்டு மாதம் நான் நினைத்தபடிதான் நடந்தது. நன்றாகத் தூங்கினார். சாப்பிட்டார். காலையில் மேகம் நேராக வாசலுக்கே வந்து நிற்கும், அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து, எதிரே இருக்கிறவரின் முகம் கொஞ்சம் கலங்கித் தெரியும். துணி காயாது. சாமை வயல்கள் பச்சையாகி, பழுப்பாகி, அறுப்பும் முடிந்தது. எங்கேயோ ஒரு மாடு கழுத்து மணியை ஆட்டினால் அது அரைமணி நேரம் காதில் இருக்கும். அவ்வளவு அமைதி.

பிறகு மெதுவாக எனக்கு பயம் வந்தது. அவர் எதற்கும் எழுந்து நிற்பதில்லை. கூப்பிட்டால் திரும்புவார், சோறு வைத்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான். உதடு அசைவதும் நின்றுவிட்டது. வாணியம்பாடியில் வேர்த்து விறுவிறுத்து நின்ற மனிதர் எவ்வளவோ தேவலை என்று தோன்றியது. சத்தத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டேன், அதோடு சேர்த்து வேறு எதையோ எடுத்துவிட்டேனோ என்று ஒரு நாள் மகளிடம் கேட்டேன். அவள் மடித்த யூனிஃபார்மைப் பிரித்து மறுபடி மடித்தாள். அவளுக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கிறது.

ஐப்பசி மழை ஒரு வாரமாக விடாமல் பெய்தது. மகள் வேலை பார்க்கும் இடத்திலிருந்து காலி மாத்திரைப் பெட்டிகள் கொஞ்சம் கொண்டுவந்து, மளிகை போட்டுவைக்க ஆகும் என்று மூலையில் அடுக்கியிருந்தாள். நீளமான அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும். நான் மத்தியானம் கண் அசந்து எழுந்து பார்க்கிறேன், அவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். பெட்டிகளைச் சுவரோரமாக ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருக்கிறார். ஒன்பது பெட்டி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. கொஞ்சம் கோணலாக இருந்த ஆறாவதை இடது கையால் நேராக்கினார். பிறகு முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை பார்த்தார். உதடு அசைந்தது.

வெளியே மழை. உள்ளே பகல் வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் மாதிரி இருந்தது. வெள்ளை அட்டைகள் அந்த வெளிச்சத்தில் மிதப்பதுபோல இருந்தன. சத்தமே இல்லாமல் ஒரு சரக்கு வண்டி எங்கள் அறைக்குள் வந்து நின்றிருந்தது.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வண்டியாங்க?" என்று கேட்டேன். என்னைப் பார்த்துவிட்டு மறுபடி பெட்டியைப் பார்த்தார். அதில் எழுத்து எதுவும் இல்லை. மருந்துக் கம்பெனியின் ஊதாப் பட்டை மட்டும்தான் இருந்தது. அவர் அந்தப் பட்டையை விரலால் தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நான் வேலையை ஆரம்பித்தேன். ரயிலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? சமையல்கட்டு ஜன்னலில் முப்பது வருஷம் பார்த்தது மட்டும்தான். ஆனால் என் கைக்கு எழுத்து தெரியும். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் நூற்றுக்கணக்கான கல்யாணப் பெண்களுக்கு மெகந்தி போட்டிருக்கிறேன். மாப்பிள்ளை பெயரை உள்ளங்கைக் கொடிக்குள் ஒளித்து எழுதச் சொல்வார்கள். கடுகளவு எழுத்து எழுதிப் பழகிய கை.

தரை ஓரத்துக்குப் பூசுகிற செங்காவிப் பொடியைக் கரைத்து முதல் பெட்டியில் அடித்தேன். அட்டை தண்ணீரைக் குடித்து உப்பி, அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. அடுத்ததற்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை அளவெடுத்து ஒட்டி, அம்மிக் குழவியை மேலே வைத்துக் காயவிட்டேன். அது வளையவில்லை. ஈர்க்குச்சியைப் பிளந்து பக்கவாட்டில் விலா எலும்பு மாதிரி ஒட்டினேன், கதவுக்கு ஒரு சதுரம், சக்கரத்துக்குச் சட்டைப் பொத்தான்கள். காவியைப் பசையில் குழைத்துப் பூசினேன். எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. அவரிடம் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாங்க, கலரு சரியில்லியா?"

அவர் என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறம்தான் தப்பு என்று எனக்குப் புரிய இரண்டு நாளாயிற்று. அது கோயில் மதில் சிவப்பு. வேகன் அந்தச் சிவப்பு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எங்கள் பின்வாசலை நினைத்துப் பார்த்தேன். சாயங்கால வெயிலில் போகிற வேகன், மழையில் நனைந்து போகிற வேகன். காய்ந்த ரத்தம் மாதிரி, சூளையில் அதிகம் வெந்த செங்கல் மாதிரி. துணியில் பூப்போடுகிற கறுப்புப் பெயின்ட் என் பையில் இருந்தது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று காவியில் கலந்துகொண்டே போனேன். ஓர் இடத்தில் என் கை தானாக நின்றது. அந்தக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தேன். குனிந்து பார்த்தார். இடது ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, எடுத்து, என் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தார். அது காயும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எழுதுவதற்கு வெள்ளை வேண்டும். அதே துணிப் பெயின்டில் வெள்ளை இருந்தது. பிரஷில் எழுதிப் பார்த்தேன், எழுத்து பருத்துவிட்டது. கோன்தான் எனக்குச் சரி என்று பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி, மெகந்திக்குப் பதில் வெள்ளைப் பெயின்டை நிரப்பி, நுனியில் ஊசியால் ஒரு துளை போட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினால் நூல் மாதிரி வந்தது. பெரிய எழுத்துகளுக்கு மகள் கொண்டுவந்த பழைய எக்ஸ்ரே ஃபிலிம். யாருடைய விலாவோ, முழங்கையோ தெரியவில்லை, அதில் பிளேடால் எழுத்தை வெட்டி எடுத்து, வேகன்மேல் வைத்து, ஸ்பாஞ்சைப் பெயின்டில் தொட்டுத் தட்டினால் ஓரம் சுத்தமாக விழும். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த ஃபிலிமைப் பிடித்தால் சாம்பல் நிற எலும்புக்கு நடுவே பி, சி, என் என்று மூன்று ஓட்டை தெரியும். வேகனின் வகைக்கு அதுதான் பெயர் என்று மகள் போனில் தேடிச் சொன்னாள்.

எண்ணுக்கு என்ன செய்வது? மகளின் போனில் ஒரு படம் இருந்தது. எப்போதோ யார்டில் எடுத்தது. அவர் ஒரு வேகனுக்கு முன்னால் நோட்டோடு நிற்கிறார். பின்னால் எண் தெரிகிறது. பத்து எண்கள். பதினோராவதை அவருடைய தோள் மறைத்துவிட்டது. நான் பத்தையும் பார்த்து எழுதினேன். கடைசி இடத்தில் ஐந்து என்று போட்டேன். ஐந்து எழுதுவது எனக்குப் பிடிக்கும்.

அந்த வேகனை அவர் கையில் கொடுத்தபோது அது இன்னும் முழுசாகக் காயவில்லை. பார்த்தார். கண் எழுத்தின்மேல் சறுக்கவில்லை, நின்று நின்று நகர்ந்தது. கடைசியில் போய் நின்றது. கட்டைவிரலை வைத்து ஐந்தைத் தேய்த்து அழித்துவிட்டார்.

பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் திரும்ப எழுதினேன். காய்ந்த பிறகு கொடுத்தேன். நகத்தால் சுரண்டினார். மூன்றாம் முறை எழுதியபோது, அவர் அதை எடுத்து வைத்துவிட்டு, மேஜையில் கிடந்த மகளின் பென்சிலை இடது கையில் எடுத்தார். முக்கால் வருஷமாக அவர் பென்சிலைத் தொட்டதில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் நடுங்கி நடுங்கி ஒரு கோடு வளைந்தது, கீழே வந்தது, பக்கவாட்டில் போனது. இரண்டு.

அன்று சாயங்காலம் மகள் வந்ததும் காட்டினேன். அவள் போனைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, கடைசி எண்ணு சும்மா போடுறது இல்லையாம். முதல் பத்தையும் வச்சு ஒரு கணக்கு இருக்குதாம். ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டி மூணால பெருக்கி, மிச்சத்தையும் சேர்த்துட்டு, அடுத்த பத்துக்கு எவ்ளோ குறையுதோ அதுதான் கடைசி எண்ணு. எழுதறப்போ எங்கியாச்சும் தப்பு வந்தா இது காட்டிக் குடுத்துடும்."

"போட்டுப் பாரு."

போட்டாள். அறுபத்தெட்டு வந்தது. எழுபதுக்கு இரண்டு குறைந்தது.

அவர் கட்டிலில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஒருவேளை அந்த வேகனையே ஞாபகம் வைத்திருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. மகள் ஒரு தாளில் தன் இஷ்டத்துக்குப் பத்து எண் எழுதி அவர் முன்னால் நீட்டினாள். அவர் டீயை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்து, பென்சிலுக்குக் கை நீட்டினார். சரி. இன்னொன்று. அதுவும் சரி. ஐந்தாவதில் அவர் எழுதியதும் மகள் கணக்குப் போட்டதும் வேறாக இருந்தன. மகள் மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, "நான்தான் தப்பு அத்தா" என்றாள். அவள் எழுந்து சமையல்கட்டுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் எதையும் கழுவாமல் நின்றிருந்தாள்.

அதன்பிறகு எங்கள் மத்தியானங்கள் மாறின. நான் பத்து எண் சொல்வேன், அவர் பதினோராவதை எழுதுவார், நான் கோனால் வேகனில் எழுதுவேன். மழை விட்டு பனி ஆரம்பித்தது. வெயில் பத்து மணிக்குத்தான் வந்து, மூன்று மணிக்கெல்லாம் மலைக்குப் பின்னால் போய்விடும். அந்த ஐந்து மணி நேரம்தான் எங்கள் யார்டு. ஜன்னலோரம் பாயைப் போட்டு உட்கார்ந்தால், பெயின்டின் வாசனையும் காயவைத்த புளியின் வாசனையும் கலந்து வரும். நேரம் எங்கே போகிறது என்றே தெரியாது. சில சமயம் தலை நிமிர்ந்தால் அறை முழுக்க மேகம் நிறைந்திருக்கும், பாயின் மறுகோடியில் அவருடைய கை மட்டும் ஒரு வேகனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் எழுதிக்கொண்டே, நிமிராமல், "கடைசி எண்ணு இன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஏழு" என்றார்.

நான் ஏழை எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் கோனைக் கீழே வைத்தேன். வைக்காவிட்டால் எண் கெட்டுவிடும் என்று பயமாக இருந்தது. அவரைப் பார்த்தேன். அவருக்குத் தான் பேசியது தெரியவில்லை. அடுத்த வேகனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு மலைக்காரப் பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். சாமையும் கொள்ளும் போடுகிற நிலமும் நாலைந்து புளிய மரமும் அவளுக்கு உண்டு. பிரஷர் பார்க்க மகளிடம் வந்து பழக்கமானவள். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா பாயம்மா, வூட்டுக்குள்ள ரயிலு வுடுறீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. உள்ள வா."

குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இதுல ஜன்னலே இல்லியே. ஆளுங்க மூச்சு வுட வேணாமா?"

"இது ஆளு ஏறுற வண்டி இல்ல. நெல்லு, சிமெண்டு, உரம், இதெல்லாம் போவும்."

"அப்ப இது?" மூடாமல் வைத்திருந்த ஒன்றைக் காட்டினாள்.

"அதுல கரி போவும்."

அவள் ரயிலில் ஏறியதே இல்லை. போளூர் போகும்போது கேட் மூடியிருந்தால் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. மறுநாள் ஒரு கொட்டாங்குச்சி நிறைய அடுப்புக் கரியைக் கடுகு கடுகாக உடைத்துக் கொண்டுவந்தாள். திறந்த வேகன்களில் பசையைத் தடவி அதை அவளே தூவினாள். கரி ஏற்றியதும் அந்த அட்டைப் பெட்டிகளுக்கு எங்கிருந்தோ ஒரு கனம் வந்துவிட்டது. அவர் ஒன்றைக் கையில் வைத்து எடை பார்ப்பதுபோல ஆட்டினார். அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"பாய்க்குப் புடிச்சிருக்குது" என்று அவள் எனக்குச் சொன்னாள், எனக்குத் தெரியாததுபோல.

தை பிறந்தபோது எங்களிடம் இருபத்துமூன்று வேகன் இருந்தது. எனக்குக் கொஞ்சம் கர்வமும் வந்திருந்தது. இருபத்துநான்காவதை ரொம்ப ஆசையாகச் செய்தேன். நிஜமான ஒரு வேகன்மேல் என்னென்ன எழுதியிருக்குமோ அத்தனையும் எழுதினேன். எண், வகை, காலி எடை, ஏற்றும் எடை, அடுத்த பழுதுபார்ப்புத் தேதி. சின்ன எழுத்தெல்லாம் சாமை அரிசி அளவு. இந்தி எழுத்து எனக்குத் தெரியாது, பூக்கொடி வரைகிறமாதிரி பார்த்து வரைந்தேன். மினுமினுப்பு தெரியாமலிருக்க முகப் பவுடரைத் தட்டி ஊதினேன். மூன்று நாள் வேலை. எந்த மணப்பெண் கைக்கும் அவ்வளவு பொறுமையாகப் போட்டதில்லை. அதை ஜன்னலில் வைத்துவிட்டு உலை வைக்கப் போனேன்.

திரும்பி வந்தால், அவர் மடியில் அந்த வேகன். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் செம்மண் கரைசல். ஈரத் துணியை அதில் தோய்த்து மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டிருக்கிறார். கூரையிலிருந்து வழிந்த மாதிரி செம்மண் கோடுகள் என் எழுத்துகளின்மேல் இறங்கியிருந்தன. காலி எடை பாதி மறைந்துவிட்டது. கதவோரம் அடுப்புச் சாம்பலை வேறு அப்பியிருந்தார்.

அவருக்கு உடம்பு சரியில்லாமல் போன நாளிலிருந்து நான் அவரிடம் கோபப்பட்டதில்லை. கோபப்படலாகாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். அன்றைக்கு அது உடைந்தது.

"இன்னாங்க பண்றீங்க? மூணு நாளு எழுதினதுங்க அது. கண்ணு ரெண்டும் போச்சு எனக்கு. கொஞ்சமாச்சும் நெனச்சுப் பார்த்தீங்களா?"

துணியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அவர் விடவில்லை. இடது கையில் அவ்வளவு பலம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் இழுக்க, அவர் இழுக்க, கிண்ணம் கவிழ்ந்து செம்மண் தண்ணீர் பாயெல்லாம் ஓடியது. நான் விட்டுவிட்டேன். எதிரே உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். வேகனுக்காக மட்டும் அழவில்லை, வேறு எதற்கெல்லாமோ சேர்த்து.

அவர் என்னையே பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். ஒரு கையால் வேகனைப் பிடித்துக்கொண்டு, அதைத் தரையில் வைத்து, மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"ஓடுது" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"இது… இது ஓடுது." விரலால் செம்மண் கோட்டைத் தொட்டுக் காட்டினார். மறுபடி, ஒவ்வொரு எழுத்தாக மேலே இழுத்துக்கொண்டு வருகிறவரைப்போல, "ஓடுற வண்டி" என்றார்.

அழுக்கில்லாத வேகன் எங்கேயும் போகாத வேகன். அவர் முப்பத்தோரு வருஷம் பார்த்ததெல்லாம் மழையில் நனைந்து, புழுதியில் புரண்டு, துரு வழிந்த எழுத்துகளைத்தான். அதிலிருந்துதான் எண்ணைப் படித்து எழுதியிருக்கிறார். நான் செய்தது கடையில் விற்கிற பொம்மை. அவர் அதை ஓடவைத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பாயைச் சுருட்டி வெளியே காயப்போட்டேன். உள்ளே வந்து, மிச்சமிருந்த இருபத்துமூன்றையும் அவர் முன்னால் எடுத்து வைத்தேன். "எல்லாத்துக்கும் போடுங்க" என்றேன். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி போடவில்லை அவர். கரி வேகன்களுக்குக் கறுப்பு, சிமெண்டு வேகன்களுக்குச் சாம்பல். ஒன்றே ஒன்றை மட்டும் தொடாமல் வைத்தார். அது புதிதாகப் பட்டறையிலிருந்து வந்த வேகன்போலிருக்கிறது. நான் கேட்கவில்லை.

திருப்பத்தூர் டாக்டரிடம் அடுத்த முறை போனபோது இரண்டு வேகன்களைப் பையில் போட்டு எடுத்துப் போனோம். டாக்டர் ஒன்றைத் திருப்பிப் பார்த்து, என் கணவரைப் படிக்கச் சொன்னார். இவர் பதினோரு எண்ணையும் வாய்விட்டுச் சொன்னார். எட்டு வருமிடத்தில் மட்டும் திணறினார். எட்டு அவருக்கு அன்றும் வரவில்லை, இப்போதும் வராது, கையால்தான் காட்டுவார். "இதை வுடாதீங்க. ஆனா பழையபடி வந்துடும்னு நெனச்சுடாதீங்க" என்றார் டாக்டர். அவர் நேராகச் சொன்னது எனக்கு நல்லதாகத்தான் பட்டது. பேப்பர் படிக்க வரவில்லை. என் பெயரைச் சொல்ல வரவில்லை. எண்களும், அவற்றைச் சுற்றி முளைத்த ஐம்பது அறுபது வார்த்தைகளும் வந்தன. வண்டி, கரி, காலி, போவுது, நிக்குது, சரி, தப்பு, டீ. இவற்றை வைத்துக்கொண்டு ஒரு வீட்டை நடத்தலாம் என்று நாங்கள் கண்டுகொண்டோம். எனக்குத் தலைவலி வந்து படுத்துவிட்டால் "நிக்குது?" என்று கேட்பார். "ஆமாங்க, நிக்குது" என்பேன்.

மாசிக் கடைசியில் பின்வீட்டுப் பெண்ணின் மகளுக்குத் திருவண்ணாமலையில் பிரசவமானது. அவள் போளூர்வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து முதல்முறையாக ரயில் ஏறிப் போனாள். பத்து நாள் கழித்து வந்தவள், பேரனைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகு, பாயில் சாய்ந்து உட்கார்ந்து எங்கள் வண்டிகளைப் பார்த்தாள். வெளியே மா பூத்திருந்தது. வெயில் இதமாக இருந்தது.

"ரயிலு எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"இன்னாத்தச் சொல்றது பாயம்மா. உள்ள போய் உக்காந்துட்டா வெளிய எழுதியிருக்கிறது ஒண்ணும் தெரியலியே. வயலுதான் தெரியுது. தூக்கம் வந்துடுச்சு."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வாய் எதையோ தேடியது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன்.

"எத்தினி…" என்றார். நின்றார். "எத்தினி பெட்டி?"

உடம்பு முடியாமல் போன பிறகு, வெளியாள் ஒருவரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது. அவளுக்கு அதெல்லாம் தெரியாது. நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தாள்.

"எண்ணலியே பாய்" என்றாள். "ஏறுற அவசரத்துல எங்க எண்றது?"

அவர் தலையை ஆட்டினார். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. யார்டில் எண்ணத் தவறிய ஒரு வண்டிக்கு வருந்துகிறவரைப்போல, நிஜமான ஏமாற்றம். அவள் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு எழுந்தாள். சுவரோரம் நின்ற வண்டியின் முன்னால் போய், எஞ்சின் இருக்க வேண்டிய இடத்திலிருந்து நடக்க ஆரம்பித்தாள்.

"நான் ஏறுனது நடுவுல. எஞ்சினாண்டேருந்து இவ்ளோ தூரம் நடந்தேன்." ஏழாவது வேகனில் நின்றாள். "பின்னாடி இன்னும் கொஞ்சம் இருந்துச்சு. இங்க வரைக்கும் இருக்கும்."

அவர் தடியை எடுத்துக்கொண்டு எழுந்து, அவள் காட்டிய இடம்வரை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். எண்ணிய சத்தம் எங்களுக்குக் கேட்டது. எட்டு வந்தபோது நின்று, அந்த வேகனைத் தடியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஒன்பதுக்குப் போனார்.